காரைக்குடியில் வாங்கிய கடல் விமானச் சீட்டு

அத்தானுக்கு மணிவிழா முடிந்த கையோடு, அவரையும் ஆச்சியையும் மாலத்தீவுக்கு அனுப்பி வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் முடிவு செய்திருந்ததால், செக்காலைச் சாலையில் உள்ள ஒரு டிராவல்ஸ் அலுவலகத்துக்கு நானும் உடன் போனேன். விழா, சாப்பாடு, மதுரையிலிருந்து வந்த கார் பற்றியெல்லாம் சொல்ல ஒன்றும் இல்லை; சொல்ல வேண்டியது அந்த அலுவலகத்தில் கேட்ட பதிலைப் பற்றித்தான்.

அவர்கள் போட்டுக் கொடுத்த திட்டப்படி விமானம் மாலேயில் மாலை ஆறு மணிக்கு இறங்கும். அங்கிருந்து தீவு விடுதிக்குக் கடல் விமானம், அதாவது தண்ணீரிலேயே ஏறி இறங்கும் சிறு விமானம். மாலத்தீவில் கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். தண்ணீரில் ஓடுபாதையும் இல்லை, விளக்கு வரிசையும் இல்லை; அலையையும் காற்றையும் படகுகளையும் விமானி கண்ணால் பார்த்துத்தான் இறக்க வேண்டும். இதைச் சொன்னபோது, "அதெல்லாம் நைட்டும் போகும் சார், நாங்கள் எத்தனை பேரை அனுப்பியிருக்கிறோம்" என்று கொஞ்சமும் தயங்காமல் பதில் வந்தது. விலையைத் தவறாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். பறப்பதன் அடிப்படைப் பாதுகாப்பு விதியை, தெரியாமலே தெரிந்ததுபோல் சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் இருக்கும் கனடாவின் வான்கூவரில் கடல் விமானம் அன்றாடப் போக்குவரத்து. அங்கே அது விபத்தே இல்லாமல் ஓடவில்லை. 2009 நவம்பரில் அப்பகுதியின் சட்டர்னா தீவிலிருந்து கிளம்பிய பீவர் வகைக் கடல் விமானம் ஒன்று கடலில் விழுந்து, அதில் இருந்த எட்டுப் பேரில் ஆறு பேர் உள்ளேயே மூழ்கி இறந்தார்கள். மோதிய வேகத்தில் சில கதவுகள் இறுகித் திறக்க முடியாமல் போயிருந்தன. கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் விசாரணை அறிக்கையை வெளிப்படையாக வைத்தது; எளிதில் திறந்துகொள்ளும் வழிகள் வேண்டும், பயணிகள் லைஃப் ஜாக்கெட்டை அணிந்தே இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஜாக்கெட்டைக் கட்டாயமாக்கும் விதி வர 2019 ஆகிவிட்டது என்பதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு. ஆனாலும், என்ன நடந்தது, ஏன் நடந்தது என்பதை யாரும் எடுத்துப் படிக்கலாம். 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் மியூட்டினி விரிகுடாவில் பத்துப் பேர் இறந்த கடல் விமான விபத்துக்கு, வால் பகுதியின் சாய்வை இயக்கும் கருவியில் ஒரு பூட்டு வளையம் இல்லாமல் மரை கழன்றதே காரணம் என்பது வரை வெளியே வந்தது. அதன்பின் அதே வகை விமானங்களில் அந்த வளையம் இருக்கிறதா என்று பார்க்க உத்தரவும் வந்தது.

எங்கள் ஐயா காலத்தில் ரஜூலா கப்பலில் பினாங்குக்குப் போனவர்கள், எந்தக் கப்பல், எந்த மாதம், கடல் எப்படி இருக்கும் என்று வளவில், அதாவது வீட்டு முற்றத்தில், உட்கார்ந்து பேசி முடித்த பிறகே பெட்டி கட்டினார்கள் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படிக் கடல் கடந்து பழகிய ஊரில், விமானத்தை ஓட்டும் நிறுவனம் எது, இதுவரை அதற்கு என்ன விபத்துகள் நேர்ந்தன, ஜாக்கெட் இடுப்பில் கட்டியிருக்குமா இருக்கைக்கு அடியில் இருக்குமா என்ற கேள்விகளை வீண் பயம் என்று ஒதுக்கியது எனக்கு வேதனையாக இருந்தது.

நெடுநேரம் வாதாடிய பிறகு, மாலேயில் நண்பகலுக்கு முன்பே இறங்கும் விமானமாக மாற்றிக் கொடுத்தார்கள். ஜாக்கெட்டை விமானத்துக்குள் ஊதிவிடக் கூடாது, ஊதினால், தண்ணீரில் விழுந்து தலைகீழான விமானத்திலிருந்து வெளியேற முடியாமல் அது மேலே தூக்கி அழுத்திவிடும், வெளியே வந்த பிறகே ஊத வேண்டும் என்று ஆச்சிக்கு நானே சொல்லிக் கொடுத்தேன். கடல் விமான நிறுவனத்தின் பெயரை மட்டும், பயணத்துக்கு முதல்நாள்தான் தெரியும் என்கிறார்கள். அந்தப் பெயரை எழுதித் தரும்வரை பாக்கிப் பணத்தைக் கட்ட வேண்டாம் என்று அத்தானிடம் சொல்லியிருக்கிறேன்.