நான்கு ஆண்டுகளாக என்னைப் படுத்தும் ஒரு சமக்குறி

வியட்நாமியப் புத்தாண்டான டெட் பண்டிகைத் தள்ளுபடியில் அந்த ஆங்கில-வியட்நாமிய அகராதிச் செயலி பாதி விலைக்கு வந்திருக்கிறது. ஓராண்டுச் சந்தா 5,90,000 வியட்நாமிய டாங்காக இருந்தது, இப்போது 2,95,000. டா நாங் நகரில் ஆங்கிலம் கற்பிக்கப் புதிதாகச் சேர்ந்திருக்கும் நம் ஊர்ப் பெண் ஒருத்தி, "அக்கா, நீங்க நாலு வருஷமா வெச்சிருக்கீங்களே, என் பிள்ளைங்களை வாங்கச் சொல்லலாமா?" என்று கேட்டிருந்தாள். இரண்டு வரியில் பதில் அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். நேற்று நடந்த ஒன்று மனதை விட்டுப் போகாததால் இரண்டு வரியில் முடியவில்லை.

நான் இருப்பது ஹோ சி மின் நகரத்தில். இங்கே எல்லாரும் இன்னும் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள். பின் தான் பகுதியில் ஒரு சந்துக்குள் மாலை நேர வகுப்பு நடத்துகிறேன். விடுதி வரவேற்பறையில் நிற்பவர்கள், காப்பிக் கடை வைத்திருப்பவர்கள், கணக்கு எழுதுபவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று ஒரு வகுப்புக்குப் பன்னிரண்டு பேர். அத்தனை பேர் கைப்பேசியிலும் இந்தச் செயலி இருக்கிறது. இணையம் இல்லாமலும் ஓடும், சொற்கள் ஏராளம், தேடினால் சட்டென்று வரும். இதெல்லாம் தெரிந்ததுதான்.

என் சண்டை அதில் இருக்கும் சமக்குறியோடு.

எந்தச் சொல்லைத் தேடினாலும் ஒரு அட்டை வரும். இடது பக்கம் ஆங்கிலச் சொல், நடுவில் பெரிதாக ஒரு சமக்குறி, வலது பக்கம் வியட்நாமியச் சொல். ‘ஓப்பன்’ என்றால் ‘மெ’. அவ்வளவுதான். (வியட்நாமியச் சொற்களைத் தமிழில் எழுதினால் தொனி தொலைந்துபோகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.) கதவைத் திறக்க, புத்தகத்தைத் திறக்க ‘மெ’ சரிதான். ஆனால் இந்தத் தென்பகுதியில் விளக்கையும் ‘மெ’ செய்வார்கள், மின்விசிறியையும் ஏ.சி.யையும் ‘மெ’ செய்வார்கள், பாட்டையும் ‘மெ’ செய்வார்கள். ஹனோய்ப் பக்கம் விளக்குக்கு ‘பட்’ என்று வேறு சொல் உண்டு. சமக்குறியை நம்பிய என் மாணவர்கள் நேராக ‘ஓப்பன் த லைட்’ என்கிறார்கள். நாம் லைட்டைப் போடுகிறோம், சின்ன வயதில் நானும் ‘புட் த லைட்’ என்று சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறேன். அதனால் அந்தப் பிழையைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வராது. எங்கே இடறினார்கள் என்று தெரியும்.

விடுதியில் வேலை பார்க்கும் பையன் ஒருவன், வெளிநாட்டு விருந்தாளி ஒருவரிடம் தொலைபேசியில் ‘ஓப்பன் த ஏர் கண்டிஷனர்’ என்று மூன்று முறை சொல்லியிருக்கிறான். அவர் நாற்காலி போட்டு ஏறி ஏ.சி.யின் முன்மூடியைத் திறந்துவிட்டு, "திறந்தாச்சு, அடுத்து என்ன?" என்று கேட்டிருக்கிறார். பையன் வகுப்புக்கு வந்து என்னிடம் செயலியைக் காட்டினான். "கோ, இதுல அப்படித்தானே போட்டிருக்கு?" என்றான். ‘கோ’ என்றால் ஆசிரியை, அத்தை என்றும் பொருள். அவன் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

‘டர்ன் ஆன்’ என்று செயலியில் தேடினால் இருக்கிறது. ஆனால் ‘மெ’ அட்டையிலிருந்து அங்கே போக வழி கிடையாது. ‘கதவு, புத்தகம், கடை என்றால் இது, விளக்கு, விசிறி என்றால் அது’ என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தால் போதும். அந்த ஒரு வரிக்காகத்தான் நான்கு ஆண்டுகளாக மல்லுக்கட்டுகிறேன். இரண்டு முறை நிறுவனத்துக்கு எழுதினேன். இரண்டு முறையும் பணிவான பதில் வந்தது. அட்டை மாறவில்லை.

ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள் என்று யோசித்தால் ஒரு காரணம் தெரிகிறது. உள்ளே இருக்கும் சொற்பட்டியல்கள் பெரும்பாலும் பள்ளி இறுதித் தேர்வுக்கானவை. 2024 வரை அந்தத் தேர்வில் ஆங்கிலத் தாள் 50 கேள்விகள், 60 நிமிடம், எல்லாமே நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. அதற்கு ஒரு சொல்லுக்கு ஒரு சொல் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டிவிடலாம். 2025 முதல் கணிதமும் இலக்கியமும்தான் கட்டாயம், ஆங்கிலம் விருப்பப் பாடங்களில் ஒன்றாகிவிட்டது. என் வகுப்புக்கு வருகிறவர்களுக்குத் தேர்வு கவலையே இல்லை. நாளைக் காலை ஒரு ஆளிடம் பேச வேண்டும், அதுதான் கவலை.

அரிசி விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. ‘ரைஸ்’ என்று தேடினால் சமக்குறிக்குப் பிறகு மூன்று சொல் வருகிறது: லுவா, காவ், கெம். எது எப்போது என்ற பேச்சே இல்லை. தமிழருக்கு இதைப் பார்த்த உடனே புரிந்துவிடும், நெல், அரிசி, சோறு. வயலில் நிற்பது லுவா, மூட்டையில் இருப்பது காவ், தட்டில் இருப்பது கெம். உடைந்த நொய்க்குக்கூட ‘தம்’ என்று தனிச்சொல் இருக்கிறது. சைகோனின் காலை உணவான ‘கெம் தம்’ அந்த நொய்யரிசிச் சோறுதான், மேலே சுட்ட பன்றி இறைச்சித் துண்டு.

மேகாங் டெல்டாவிலிருந்து வந்த ஒரு பெண் தன் தாத்தாவின் வயலைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லா என்று அவளால் நம்பவே முடியவில்லை. செயலி எதையோ மறைக்கிறது என்று நினைத்து எங்கெங்கோ தேடி, கடைசியில் ‘நான் மீனோடு சமைக்கப்பட்ட அரிசி சாப்பிட்டேன்’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுவந்தாள். இலக்கணம் சரி, அப்படி யாரும் பேசமாட்டார்கள். கரும்பலகையில் நம் மூன்று சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதி, பக்கத்தில் அவர்களுடைய மூன்றையும் எழுதி, ஆங்கிலத்துக்காரர்களுக்கு நெல் விளைச்சல் நம் அளவுக்கு இல்லை, அதனால் ஒரே சொல்லில் ஓட்டுகிறார்கள் என்றேன். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. அன்றைக்கு அவர்களுக்கு வந்த தைரியம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: ஆங்கிலத்தில் சொல் இல்லையென்றால் அது தங்கள் குறை இல்லை என்ற தைரியம்.

‘அங்கிள்’ அட்டையும் இப்படித்தான். பாக், சூ, கவ், யுவங் என்று வரிசையாகக் கொட்டியிருக்கிறது. இந்தத் தென்பகுதியில் அப்பாவின் அண்ணன் பாக், தம்பி சூ, அம்மா கூடப் பிறந்தவர் கவ். பெரியப்பா, சித்தப்பா, மாமா. ஆங்கிலக் கதையில் ஒரு ‘அங்கிள்’ வந்தால் மாணவர்கள் மேலே படிக்கவே மாட்டார்கள், "எந்த அங்கிள்?" என்று கேட்பார்கள். எனக்கும் பள்ளியில் அதே கேள்வி இருந்தது. ஆங்கிலத்தில் அந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை, தெரியாமலேயே கதையைப் படித்துக்கொண்டு போகலாம் என்று அகராதி சொல்லிக்கொடுக்க வேண்டும். ‘யூ’ என்பதற்கு எல்லா எடுத்துக்காட்டிலும் ‘பான்’ என்று போட்டிருப்பதும் அப்படித்தான். ‘பான்’ என்றால் தோழன். ஆசிரியரையோ முதலாளியையோ யாரும் ‘பான்’ என்று கூப்பிடுவதில்லை. அதனால் மாணவர்களுக்கு ‘யூ’ என்று சொல்லவே கூச்சம், மரியாதைக் குறைவாகத் தெரிகிறது. வாக்கியம் முழுக்க ‘டீச்சர், டீச்சர்’ என்றே பேசுகிறார்கள். எனக்கு அது காதுக்கு இனிமைதான், நம் பிள்ளைகள் கூப்பிடுவது போலவே இருக்கும். ஆனால் வேலை நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் ‘யூ’ என்பது அவமரியாதை ஆகாது என்று அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டுமே.

இவ்வளவு குறை சொன்ன பிறகு அந்த ஒலிப் பொத்தானைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம்.

வியட்நாமியச் சொல்லின் கடைசியில் வரக்கூடிய மெய்யொலிகள் மிகக் குறைவு: ப், ட், க் மாதிரியானவை, ம், ன், ங் மாதிரியானவை. வந்தாலும் வாயை மூடி அப்படியே நிறுத்திவிடுவார்கள், காற்று வெளியே வராது. ‘ஸ்’, ‘ஃப்’, ‘ல்’ எல்லாம் கடைசியில் கிடையவே கிடையாது. அதனால் நைஸ், நைன், நைட், நைஃப் நான்கும் வகுப்பின் முதல் மாதத்தில் எனக்கு ஏறக்குறைய ஒரே ‘நை’யாகத்தான் கேட்கும். நாம் கடைசியில் ஒரு உகரத்தைச் சேர்த்து ‘பஸ்ஸு’ என்போம், அவர்கள் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவார்கள். இதில் கண்ணும் ஏமாற்றும். அவர்கள் எழுதுவது ரோமன் எழுத்தில்தான். 1651இல் அலெக்சாந்தர் த ரோட் என்ற பாதிரியார் ரோமில் அச்சிட்ட அன்னாமிய (அதாவது வியட்நாமிய)-போர்த்துகீசிய-லத்தீன் அகராதியிலேயே அந்த எழுத்துமுறை இருக்கிறது. எழுத்து பழகியதாக இருப்பதால், ஆங்கிலத்தையும் தங்கள் ஒலியிலேயே படித்துவிட்டுப் போகிறார்கள்.

இந்தச் செயலியில் ஒலிப்பொத்தானை அழுத்திப் பிடித்தால் சொல் மெதுவாக ஓடும். கடைசி ஒலி வரும்போது அந்த எழுத்து மட்டும் நிறம் மாறும். எந்த விளம்பரத்திலும் இதைச் சொன்னதாக நினைவில்லை, தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். காப்பிக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் என்னைவிட மூத்தவர். வெளிநாட்டார் காப்பி கேட்டால் பனிக்கட்டி போடவா என்று கேட்க வேண்டும். ‘ஐ?’ என்பார். அவர்கள் விழிப்பார்கள். கடைசியில் குவளையைத் தூக்கிப் பனிக்கட்டியைக் காட்டுவார். மூன்று வாரம், கடையை மூடிய பிறகு தினமும் இரவில், அந்த நிறம் மாறும் எழுத்தைப் பார்த்துப் பார்த்து ‘ஸ்ஸ்’ என்று இழுத்துப் பழகினார். ஒரு சனிக்கிழமை காலை நான் கடையில் உட்கார்ந்திருக்கும்போதே ஒருவரிடம் ‘ஐஸ்?’ என்றார். வந்தவர் ‘யெஸ், ப்ளீஸ்’ என்றார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வைக்காக இன்னும் நான்கு ஆண்டு சந்தா கட்டலாம். நான் கற்றுக்கொடுத்து அது வரவில்லை. செயலியின் பொத்தான்தான் கற்றுக்கொடுத்தது.

இன்னொன்று, அட்டைக்குக் கீழே நாமே எழுதிக்கொள்ள இடம் இருக்கிறது. நான்கு ஆண்டுகளில் அறுநூற்றுச் சொச்சம் குறிப்பு எழுதியிருக்கிறேன். அணிவதைக் குறிக்கும் ‘வேர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கீழே, உடுப்பு, தொப்பி, மூக்குக்கண்ணாடி, செருப்பு நான்குக்கும் உங்களிடம் மக், டோய், டெவ், மாங் என்று நான்கு வினை, அங்கே எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும் என்று எழுதியிருக்கிறேன். ‘பாரோ’வுக்கும் ‘லெண்ட்’டுக்கும் கீழே, ‘முவன்’ என்றால் நீ இரவல் வாங்குவது, ‘சோ முவன்’ என்றால் நீ இரவல் கொடுப்பது, எதிரெதிர்த் திசை என்று அம்புக்குறி போட்டிருக்கிறேன். செயலி சொல்லாமல் விட்ட வரிகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. போன மாதப் புதுப்பிப்பில் அந்த இடத்தை மூன்று தட்டல்களுக்கு உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். வெளியே எடுத்துச் சேமிக்கவும் வழியில்லை. அன்று எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை.

அப்புறம் நேற்று நடந்தது. கணக்கு எழுதும் பெண் ஒருத்தி, நல்ல உழைப்பாளி, ஒரு வேலைக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு என்னிடம் காட்டினாள். இப்போதைய வேலை ஒரே மாதிரி இருப்பதால் அலுப்பாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து, ‘ஐ ஆம் வெரி போரிங்’ என்று எழுதியிருந்தாள். அதாவது, என்னோடு இருந்தால் உங்களுக்கு அலுப்பு தட்டும். வியட்நாமியத்தில் ‘சான்’ என்ற ஒரே சொல் அலுப்பு தருகிற படத்துக்கும் ஆகும், அலுத்துப்போன ஆளுக்கும் ஆகும். செயலியில் ‘போரிங்’ அட்டையைத் திறந்தாலும் சமக்குறி, சான். அலுத்துப்போன ஆளைக் குறிக்கும் ‘போர்ட்’ அட்டையைத் திறந்தாலும் சமக்குறி, சான். இரண்டையும் பார்த்துவிட்டு, எது வேண்டுமானாலும் போடலாம் என்று முடிவு செய்திருக்கிறாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். மின்னஞ்சல் போயேவிட்டது. பொருளை அவளுக்கு விளக்கிச் சொல்லும்போது எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

ஆகவே டா நாங் தங்கைக்கு என் பதில்: பிள்ளைகளை வாங்கச் சொல்லாதே, பாதி விலைக்கும் வேண்டாம். ஒலிக்காக ஐந்து நட்சத்திரம் கொடுக்கத் தயாராக இருந்த நான் இன்று மொத்தமாக இரண்டுதான் கொடுக்கிறேன். அடுத்த வாரம் கேட்டிருந்தால் ஒருவேளை மூன்று கொடுத்திருப்பேன். என் சந்தாவை மட்டும் இன்று காலை புதுப்பித்துவிட்டேன், காப்பிக் கடை அக்கா அடுத்து ‘மில்க்’ பழக வேண்டும், என் குறிப்புகளும் உள்ளே இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகத் திரையில் படம் பிடித்து உனக்கு அனுப்புகிறேன். வகுப்பில் ஒரு நாற்பது பக்க நோட்டில் பிள்ளைகளையே எழுதிக்கொள்ளச் சொல், சமக்குறி மட்டும் போட வேண்டாம். நேற்றிரவு இருபது எடுத்து முடித்தேன். ‘போரிங்’, ‘போர்ட்’ இரண்டும் முதல் படத்திலேயே இருக்கின்றன.