கணினித் திரையில் நாளிதழ்: பாதிக் கிணறு தாண்டிய செயலி

நான் சந்தா கட்டிப் படிக்கும் தமிழ் நாளிதழ் தன் டெஸ்க்டாப் செயலியை அடியோடு மாற்றியிருக்கிறது. இதழின் பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி மற்ற இ-பேப்பர்களிலும் இருக்கின்றன, ஒருவரை மட்டும் பிடித்துத் திட்டுவானேன்? பக்கம் கட்டும் வேலையிலேயே காலத்தைக் கழித்தவன் நான். பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் தொடங்கி, அதற்குப் பின்வந்த இன்டிசைனில் முடித்தேன். அதனால் எந்தச் செயலியைத் திறந்தாலும் என் கண் முதலில் செய்திக்குப் போகாது, வார்த்தைகளுக்கு நடுவில் விட்டிருக்கும் வெள்ளைக்குத்தான் போகும்.

பழைய செயலி அச்சுப் பக்கத்தின் படம், அவ்வளவுதான். பெரிய தாளில் வரும் நாளிதழின் பக்கம் ஏறக்குறைய 52 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். அதை 1080 பிக்சல் உயரமுள்ள திரையில் முழுதாக அடக்கினால் ஒரு சென்டிமீட்டருக்கு 21 பிக்சல்கூட வராது. 9 பாயின்ட் எழுத்து (ஒரு அங்குலத்துக்கு 72 பாயின்ட்) 7 பிக்சலுக்குள் சுருங்கிவிடும். அந்த அளவில் ண எது, ன எது என்று தெரியாது. மெய்யெழுத்தின் மேல் இருப்பது புள்ளியா, திரையில் ஒட்டிய தூசியா என்று துடைத்துப் பார்க்க வேண்டும். சரி, பெரிதாக்கிப் படிக்கலாம் என்றால் ஒரு பத்தியின் (பக்கத்தில் மேலிருந்து கீழாக ஓடும் ‘காலம்’) அடிவரை இறங்கி, அடுத்த பத்தியின் தலைக்கு மறுபடி இழுத்துக்கொண்டு ஏற வேண்டும். நிற்கும் பக்கத்தைப் படுத்திருக்கும் திரையில் காட்டினால் வேறென்ன ஆகும்?

புதிய செயலி இந்த இடத்தில்தான் ஜெயித்திருக்கிறது. படத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுத்தை எழுத்தாகவே தருகிறது. விண்டோவை அகலமாக வைத்தால் மூன்று பத்தி, குறுக்கினால் இரண்டு, இன்னும் குறுக்கினால் ஒன்று. கீழே உருட்டிக்கொண்டே போகும் வேலை இல்லை. பக்கம் பக்கமாகப் புரள்கிறது. இடம் வலம் அம்புக்குறி அடுத்த செய்திக்கு, மேல் கீழ் அம்புக்குறி அந்தச் செய்திக்குள். மவுஸைத் தொடாமல் முழு இதழையும் முடித்துவிடலாம். இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. நியூயார்க் டைம்ஸ் 2006இலேயே மைக்ரோசாஃப்ட்டுடன் சேர்ந்து டைம்ஸ் ரீடர் என்ற செயலியைக் காட்டியது. அதிலும் விண்டோவின் அளவுக்கு ஏற்பப் பத்திகள் கூடும், குறையும். 2009இல் அதை அடோபி ஏர் மேடைக்கு மாற்றினார்கள், அப்புறம் ஒருநாள் அதுவும் நின்றுபோனது. நல்ல வடிவமைப்பு என்பதற்காக மட்டும் ஒரு செயலி பிழைத்துவிடாது போலிருக்கிறது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வரிசை. இணையதளத்தில் கடைசியாக வந்த செய்திதான் மேலே நிற்கும். ஒரு நடிகரின் பிறந்தநாள் வாழ்த்து பட்ஜெட்டைக் கீழே தள்ளிவிடும். அச்சில் அப்படி இல்லை. இந்தச் செய்திக்கு எட்டுப் பத்தித் தலைப்பு, இதற்கு ஒரு பத்தி, இதைக் கட்டம் கட்டு என்று யாரோ உட்கார்ந்து சண்டை போட்டு முடிவு செய்திருப்பார்கள். (அந்தச் சண்டையை அடுத்த மேசையில் இருந்து நிறையக் கேட்டிருக்கிறேன், பாதி நேரம் கத்தியவர் பக்கம்தான் தீர்ப்பு.) செயலி அந்த முடிவைத் தூக்கி எறியவில்லை. முதல் பக்கத்தின் தலைமைச் செய்தி இங்கேயும் பெரிய தலைப்போடு வருகிறது. ‘தொடர்ச்சி 7ஆம் பக்கம்’ என்று அச்சில் அறுந்த செய்திகளை மட்டும் ஒட்டவைத்துக் கொடுக்கிறார்கள், அது அச்சைவிட மேல். படித்த தலைப்புகள் மங்குகின்றன. கடைசிப் பக்கத்தைத் தாண்டினால் ‘இன்றைய இதழ் முடிந்தது’ என்று சொல்லிவிட்டு நிற்கிறது, ‘இதையும் படியுங்கள்’ என்று கையைப் பிடித்து இழுக்கவில்லை. காலையில் முழு இதழும் ஒரேயடியாக இறங்கிவிடுவதால் நெட் போனாலும் கவலையில்லை.

இனி வயிற்றெரிச்சல். பத்திகளின் இரு ஓரத்தையும் சமன் செய்திருக்கிறார்கள். தமிழில் ‘ஒருங்கிணைப்பாளர்களுக்கிடையேயான’ மாதிரி வார்த்தை எந்த நேரமும் வரும். அது வரியில் இடம் கொள்ளாமல் அடுத்த வரிக்கு இறங்கினால், மேல் வரியில் மிஞ்சிய இரண்டு வார்த்தைகள் பல் விழுந்த வாய் மாதிரி இளித்துக்கொண்டு நிற்கின்றன. அச்சில் சொல்லை உடைத்துக் கீழே தள்ளுவோம். பல இதழ்களில் இணைப்புக்கோடுகூடப் போடுவதில்லை. மெய்யெழுத்து வரியின் தலையில் வந்து நிற்கக்கூடாது என்பதில் மட்டும் கறாராக இருப்போம். இதைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க முடியாதா என்றால், அச்சுக்கோப்புக்கான டெக் (TeX) மென்பொருளில் தமிழ்ச் சொற்களை எங்கே உடைக்கலாம் என்ற விதிகள் தயாராகவே கிடைக்கின்றன. அதற்கு நேரமில்லை என்றால் வலது ஓரத்தைச் சமன் செய்யாமல் விட்டிருக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

வரி இடைவெளியும் ஆங்கிலத்துக்கு அளந்து தைத்தது. மேல் வரியில் கூ, ழு வந்து, நேர் கீழே கீ, தீ வந்தால் வால் போய்ச் சுழியில் இடிக்கிறது. எழுத்தின் அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். வரி இடைவெளியை மாற்ற மட்டும் வழியே இல்லை. இரண்டில் எது தமிழுக்கு அவசரம் என்று ஒரு பக்க வடிவமைப்பாளரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

தேடல் வசதி பாதி நாட்களுக்குத்தான் வேலை செய்கிறது. சமீபத்திய இதழ்கள் எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் இருப்பதால் தேடினால் சிக்குகின்றன. பழையவை அந்தக் கால எழுத்துருக்களில் அடித்தவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகளும் விசித்திரக் குறிகளும்தான். அதைக் காப்பி எடுத்து ஒட்டிப் பாருங்கள், தெரியும். மாற்றித் தரும் கருவிகள் எப்போதோ வந்துவிட்டன, அலுவலகத்தில் யாராவது உட்கார்ந்து ஓட்ட வேண்டும்.

செயலி எலக்ட்ரான் என்ற மென்பொருள் சட்டகத்தில் கட்டியது, அதாவது உள்ளே ஒரு குரோமியம் பிரவுசரையே சுமக்கிறது. பழைய கணினி முனகும். மூலையில் எட்டிப் பார்க்கும் ‘முக்கியச் செய்தி’ அறிவிப்பை அமைப்புகளில் போய் நிறுத்திவிடுங்கள்.

குறுக்கெழுத்துதான் பெரிய சோதனை. யூனிகோடில் ‘கா’ என்பது ககரம் ஒன்று, துணைக்கால் ஒன்று என இரண்டு குறிகள். பார்ப்பவருக்கு ஒரே எழுத்து, ஒரே கட்டம். செயலியோ முதல் குறி விழுந்ததுமே அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடுகிறது. ‘காடு’ என்று அடித்தால் நான்கு கட்டங்கள் நிரம்பி, துணைக்கால் தனிக்கட்டத்தில் ஒரு புள்ளிவட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. புகார் அனுப்பினேன். அடுத்த பதிப்பில் கா, கொ எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டன, பாராட்ட வேண்டும். நான்கு குறிகள் சேர்ந்த ‘ஸ்ரீ’ மட்டும் இன்னும் இரண்டு கட்டம் கேட்கிறது. சரி, அச்செடுத்துப் பேனாவால் போட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தால், பின்னணி நிறத்தை விட்டுவிட்டு அச்சடிக்கிறது. கறுப்புக் கட்டம் ஒன்றுகூட வரவில்லை. வெறும் சதுரங்கள். அதற்கும் ஒரு புகார் போட்டிருக்கிறேன்.