அம்பாசடர் எஞ்சினில் ஹைலோமர் நீலப் பசை: ஓராண்டுக்குப் பிறகு

எங்கள் அம்பாசடர் 1984-ஆம் ஆண்டு வண்டி, 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். அப்பா ஆசையாக வாங்கியது. அதன் அடியில் எப்போதும் ஓர் அட்டையை விரித்து வைத்திருப்போம். விடிந்து பார்த்தால் அதில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் ஊறியிருக்கும். சென்ற ஆண்டு எஞ்சினைப் பிரித்தபோது, இணைப்புகளில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் பசையான ஹைலோமர் டியூப் ஒன்றை வரவழைத்தேன்.

அதற்குக் காரணம் உண்டு. எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான ஆயில் சேம்பரைக் கழற்றியதும் பதறிப்போனேன். முன்பு வேலை பார்த்த பட்டறையில் இறுகினால் ரப்பராகிவிடும் சிலிக்கான் பசையை அள்ளி அப்பியிருந்தார்கள். உள்பக்கம் பிதுங்கிய சிலிக்கான் புழுவைப்போல் சுருண்டு, எண்ணெய் உறிஞ்சும் வலையில் ஒட்டிக்கிடந்தது. அந்த வலை அடைத்துக்கொண்டால் பேரிங்குகளுக்கு எண்ணெய் போகாது, எஞ்சினே பாழாகிவிடும்.

ஹைலோமர் அப்படி ரப்பராக இறுகுவதில்லை, பிசுபிசுப்பாகவே இருக்கும். ரோல்ஸ் ராய்ஸ் ஜெட் எஞ்சின்களுக்காக உருவாக்கப்பட்ட இந்தப் பசை 250 டிகிரி வரை வெப்பம் தாங்கும். விரலால் மெல்லியதாகத் தடவி, பத்து நிமிடம் ஆறவிட்டுப் பூட்ட வேண்டும். எஞ்சினின் முன்பக்க மூடியான டைமிங் கவரை நான் இருமுறை பூட்ட நேர்ந்தது. முதல் முறை போல்ட்டுகளை முறுக்கிவிட்டுப் புல்லியைச் (பெல்ட் ஓடும் சக்கரத்தை) செருகினேன்; அதைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் வளையமான ஆயில் சீல் மையம் விலகி ஒழுகியது. மறுமுறை புல்லியைச் சீலுக்குள் நுழைத்து, கவர் தானாக மையத்தில் அமர்ந்த பிறகே முறுக்கினேன். பசை இறுகாததால், மறுபடி கழற்றியபோது இடையில் வைத்த காகிதப் பேக்கிங் கிழியாமல் வந்தது, அதையே திரும்பப் போட்டேன். இந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும்.

ஆனால் வளைந்த தகட்டை எந்தப் பசையும் நேராக்காது. சேம்பர் விளிம்பில் போல்ட் துளைகளைச் சுற்றி மேடுதட்டியிருந்தது. ஆண்டுக்கணக்கில் அளவுக்கு மீறி முறுக்கியதன் விளைவு. இரும்புக் கட்டையின்மேல் வைத்து, சிறு சுத்தியலால் தட்டித் தட்டி, ஸ்கேலை நிறுத்தி டார்ச் அடித்து, வெளிச்சம் கசியாத நிலை வரும்வரை சரிசெய்தேன். ஒரு மதியம் முழுக்கப் போயிற்று. கார்க் பேக்கிங்குக்குச் சேம்பர் பக்கம் மட்டும் பசை, எஞ்சின் பக்கம் லேசாகக் கிரீஸ். இருபக்கமும் பசை தடவினால் முறுக்கும்போது கார்க் வழுக்கி வெளியே வந்துவிடும். மெயின் பேரிங் மூடியை ஒட்டிய நான்கு மூலைகளில் இடைவெளி அதிகம்; அங்கே ஹைலோமர் போதாது, மிளகளவு சிலிக்கான் வைத்தேன்.

எஞ்சினுக்குள் சேரும் காற்றழுத்தத்தை வெளியேற்றும் பிரீதர் குழாயையும் கழுவிவிடுங்கள். அது அடைத்திருந்தால் உள்ளழுத்தம் ஏறி, நல்ல பேக்கிங் வழியாகவும் எண்ணெயைத் தள்ளும்.

இந்த எஞ்சினில் கிராங்கின் (சுழலும் முதன்மைத் தண்டின்) பின்முனைக்கு ஆயில் சீலே கிடையாது. மரைபோன்ற வரிகள்தான் எண்ணெயை உள்ளே திருப்புகின்றன. அங்கிருந்து வரும் ஒன்றிரண்டு சொட்டு இன்னும் விழுகிறது. அட்டையில் இப்போது அந்த ஒரு புள்ளி மட்டும்தான்.