குளத்தைச் சுற்றி ஒற்றைக் கம்பியா, செம்பு வலையா?

அமெரிக்காவில் வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம் கட்டும் நம்மவர்கள் எலக்ட்ரீஷியனிடம் "எர்த் ராடு எத்தனை அடிப்பீங்க?" என்று கேட்பதுண்டு. ஊரில் எர்த் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றிய பழக்கம் அது. ஆனால் குளத்தில் ஷாக் அடிக்காமல் காப்பது அந்த ராடு அல்ல; கிரவுண்டிங், பாண்டிங் என்ற இரண்டு வேலைகள்.

ஒரு ராடின் மண் தடை 25 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பம்ப் மோட்டாரின் இரும்பு உடலில் 120 வோல்ட் வயர் பட்டுவிட்டால், ராடு வழியாக மண்ணுக்குள் போவது 4.8 ஆம்பியர்தான். 20 ஆம்பியர் பிரேக்கர் அதற்கு விழாது. மோட்டார் உடல் கரண்டோடு அப்படியே நிற்கும். பிரேக்கரை விழவைப்பது பேனலுக்கு, அதாவது பிரேக்கர் பெட்டிக்கு, திரும்பிப் போகும் பச்சை வயர். அதுதான் கிரவுண்டிங்.

பாண்டிங் வேறு வேலை. தண்ணீர், ஏணி, கைப்பிடி, பம்ப், நாம் நிற்கும் தரை எல்லாவற்றையும் 8 கேஜ் ஒற்றையிழைச் செம்புக் கம்பியால் ஒன்றாகக் கட்டுவது. வோல்டேஜை ஒழிப்பது இதன் நோக்கமில்லை. தொடக்கூடிய எல்லா இடத்திலும் ஒரே வோல்டேஜ் இருக்கவேண்டும், அவ்வளவுதான். ஒரே கம்பியில் இரண்டு காலையும் ஊன்றி உட்கார்ந்திருக்கும் காக்கைக்கு ஷாக் அடிக்காததும் இதனால்தான். இந்தக் கம்பியைப் பேனல் வரையோ ராடு வரையோ இழுக்கவேண்டியதில்லை என்று அமெரிக்க மின் விதித்தொகுப்பான என்.இ.சி., 680.26 பிரிவில் வெளிப்படையாகவே சொல்கிறது.

"கரண்ட் கசிந்தால் அணைக்கும் ஜி.எஃப்.சி.ஐ. கருவி இருக்கிறதே, அது போதாதா?" கட்டாயம் வேண்டும், ஆனால் போதாது. தன் சர்க்யூட்டிலிருந்து 5 மில்லியாம்பியர் அளவுக்குக் கசிந்தாலே அது அணைத்துவிடும். ஆனால் அமெரிக்காவில் தெருவில் வரும் நியூட்ரலைப் பல இடங்களில் மண்ணோடு இணைத்திருப்பார்கள். அதில் மின்னோட்டம் ஓடும்போது சில வோல்ட் எழலாம். அது வீட்டு நியூட்ரலுக்கு வந்து, பச்சை வயரைப் பிடித்துக்கொண்டு பம்ப் வழியாகக் குளத்துத் தண்ணீருக்கும் வந்துவிடும். ஈரக் காலோடு தரையில் நின்று தண்ணீரில் கை வைப்பவருக்குச் சுருக்கென்று இருக்கும். ஜி.எஃப்.சி.ஐ. கண்காணிக்கும் சர்க்யூட்டிலிருந்து கசிந்த கரண்ட் இல்லை என்பதால் அதற்கு இது தெரியவே தெரியாது. இங்கே காப்பது பாண்டிங்தான்.

சரி, இனி உண்மையான போட்டிக்கு வருவோம். குளத்தின் உள்சுவரிலிருந்து 3 அடி வரை உள்ள தரையையும் பாண்டிங்கில் சேர்க்கவேண்டும். கான்கிரீட் தரைக்குள் பூச்சில்லாத இரும்புக் கம்பி கட்டியிருந்தால் அதையே இணைத்துக்கொள்ளலாம். எப்பாக்ஸி பூசிய கம்பி கணக்கில் வராது. கல் பாவிய தரை என்றால் செம்பைத்தான் நம்பவேண்டும்: ஒற்றை வளையமா, வலையா?

வளையம் என்பது உள்சுவரிலிருந்து 18 முதல் 24 அங்குலத் தூரத்தில், தரைக்கு அடியில் உள்ள மண்ணில் 4 முதல் 6 அங்குல ஆழத்தில் குளத்தைச் சுற்றி ஓடும் ஒரே கம்பி. வலை என்பது அதே 8 கேஜ் கம்பியை 12 அங்குலக் கட்டங்களாகப் பின்னி அந்த 3 அடி முழுக்க விரிப்பது.

செலவில் வளையம் எளிதாக ஜெயிக்கும். 32க்கு 16 அடிக் குளத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வளையத்துக்கு 112 அடி கம்பி போதும், ஐந்தரை பவுண்டு செம்பு. வலைக்கோ 324 சதுர அடி. ஒவ்வொரு சதுர அடிக்கும் சுமார் 2 அடி கம்பி என்றால் 650 அடி, 32 பவுண்டு. ஏறக்குறைய ஆறு மடங்கு.

ஆனாலும் நான் வலையைத்தான் சொல்வேன். கம்பியிலிருந்து விலக விலக மண்ணின் மேற்பரப்பில் வோல்டேஜ் மாறிக்கொண்டே போகும். வளையத்துக்கு நேர் மேலே நிற்பவருக்கும் 3 அடி விளிம்பில் நிற்கும் குழந்தைக்கும் ஒரே பாதுகாப்பு கிடைக்காது. வலையில் எங்கே கால் வைத்தாலும் அரை அடிக்குள் கம்பி இருக்கும். அப்புறம், பின்னாளில் குழாய்க்காகத் தோண்டும்போது வளையம் இரண்டு இடத்தில் அறுந்தால் நடுத்துண்டு தனியாகிவிடும். வலையில் மாற்று வழி நிறைய. வளையம் பல இடங்களில் விதிப்படி செல்லும்தான். குழந்தைகள் குதிக்கும் குளத்துக்கு அந்தக் குறைந்தபட்சம் போதும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டில் எதைப் போட்டாலும், ஃபைபர்கிளாஸ், வினைல் குளங்களில் தண்ணீரைத் தனியாகக் கவனிக்கவேண்டும். சுவர் மின்சாரத்தைக் கடத்தாது. குறைந்தது 9 சதுர அங்குல உலோகப் பரப்பு தண்ணீரைத் தொட்டபடி பாண்டிங்கில் இணைந்திருக்கவேண்டும். கிளாம்புகளும் மண்ணில் புதைக்கவென்றே செய்தவையாக இருக்கட்டும், சாதா இரும்பு கிளாம்பு துருப்பிடித்துவிடும். கான்கிரீட் ஊற்றிவிட்டால் எதையும் பார்க்கமுடியாது. அதற்கு முன்பே ஒவ்வொரு இணைப்பையும் படம் எடுத்து வையுங்கள்.

ஏற்கெனவே உள்ள குளத்தில் சுருக்கென்று இருந்தால் எல்லாரையும் வெளியே வரச்சொல்லிவிட்டு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மெயின் பிரேக்கரை அணைத்தபிறகும் தண்ணீருக்கும் தரைக்கும் இடையே மீட்டர் வோல்டேஜ் காட்டினால், அது பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. அப்போது மின் நிறுவனத்தையும் வரவழைத்து அவர்களுடைய நியூட்ரல் இணைப்பைச் சோதிக்கச் சொல்லவேண்டும்.