பூட்டிய ஐபோனா, திறந்த ஆண்ட்ராய்டா?

போன வருடம் பெரியப்பாவின் வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. படமாக இல்லை, ஏபிகே கோப்பாக, அதாவது ஆண்ட்ராய்டில் செயலியை நிறுவும் கோப்பாக. தொட்டார். தெரியாத செயலியை நிறுவலாமா என்று போன் கேட்டது, சரி என்றார். எஸ்எம்எஸ் படிக்கலாமா என்று கேட்டது, அதற்கும் சரி. அன்று ராத்திரி ஓடிபி வந்ததே அவருக்குத் தெரியாது. கணக்கில் இருந்த பணம் போய்விட்டது.

ஐபோனாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. ஆனால் அதற்குக் காரணம் ஆப் ஸ்டோரின் காவல் மட்டும் இல்லை. எஸ்எம்எஸ் பெட்டியைப் படிக்கும் அனுமதியையே ஐபோன் வெளிச் செயலிகளுக்குத் தருவதில்லை. ஒவ்வொரு செயலியையும் தனி அறையில் அடைத்து வைக்கிறது. கடை வாசல் சோதனையை ஏமாற்ற முடியும் என்பது 2015-லேயே தெரிந்துவிட்டது: எக்ஸ்கோட்கோஸ்ட் என்ற தீநிரல் சீன அரட்டைச் செயலியான வீசாட் உட்படப் பல செயலிகளில் ஒட்டிக்கொண்டு ஆப் ஸ்டோருக்குள்ளேயே போனது.

ஐபோனில் மாதிரி செயலி வர ஒரே கடை வாசல்தான் என்றால் அதைச் சாத்தவும் ஒருவரே போதும். 2021 செப்டம்பரில், ரஷ்யத் தேர்தல் நேரத்தில், எதிர்க்கட்சித் தலைவர் நவால்னி அணியின் செயலியை ஆப்பிள், கூகுள் இரண்டுமே அங்கே தங்கள் கடையிலிருந்து எடுத்தன. ஆண்ட்ராய்டில் ஏபிகேயாகப் போட்டுக்கொள்ள வழி இருந்தது. ஐபோனில் புதிதாக வேண்டியவருக்கு அந்த வழியும் இல்லை. எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் நடுவழி ஒன்றைப் பிடித்தது. அதன் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தால் 2024 மார்ச்சில், ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 17.4-உடன், வெளிக்கடைகளுக்கு ஐபோனில் இடம் கிடைத்தது. ஆல்ட்ஸ்டோர் பால் அப்படி வந்ததுதான். அங்கே வரும் செயலியையும் தீநிரல் இருக்கிறதா என்று ஆப்பிள் பார்க்கிறது. தனி அறைக் கட்டுப்பாடும் அப்படியே இருக்கிறது. மேக் கணினியில் பல வருடமாகப் பழகிய முறைதான் இது. ஆனால் 10 லட்சம் நிறுவலைத் தாண்டினால் தலைக்கு அரை யூரோ என்று ஆப்பிள் போட்ட கட்டணம் எனக்குப் பாதுகாப்பாகத் தெரியவில்லை, வசூலாகத்தான் தெரிந்தது.

என் கட்சி இதுதான்: வாசலைத் திறக்கலாம், எஸ்எம்எஸ், அணுகல்தன்மை (திரையைப் படித்து நமக்குப் பதிலாகப் பட்டனை அழுத்த விடும் வசதி) மாதிரி அனுமதிகளை இறுக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 13 முதல், வெளியிலிருந்து வரும் செயலிக்கு அணுகல்தன்மை அனுமதி லேசில் கிடைக்காது. சரியான இடத்தில் போட்ட பூட்டு அது.

பெரியப்பா போனில் வாட்ஸ்அப்புக்கும் குரோமுக்கும் செயலி நிறுவும் அனுமதியை அணைத்துவிட்டேன். என் போனில் எஃப்-ட்ராய்டு என்ற வெளிக்கடைக்கு மட்டும் அது திறந்திருக்கிறது.