பொம்மைத் துப்பாக்கிக்கு இரும்பு வேஷம்: நாள்பட்ட பிறகு எது நிற்கிறது, எது உரிகிறது

நெர்ஃப் நிறுவனத்தின் ஸ்ட்ராங்ஆர்ம், ஆறு நுரைத் தோட்டா பிடிக்கும் உருளையும் மேலே இழுக்கும் ஸ்லைடும் உள்ள சின்னப் பொம்மைத் துப்பாக்கி. காஸ்ப்ளே செய்பவர்கள், அதாவது கதைப் பாத்திரங்கள் போல உடையணிபவர்கள், இதைத் தேடி வாங்குவது சுடுவதற்காக அல்ல, இரும்புத் துப்பாக்கி போலப் பெயிண்ட் அடித்து உடையோடு வைத்துக்கொள்ள. உருளை பக்கவாட்டில் மடங்கித் திறக்கும், கைக்கு அடக்கமாக இருக்கும், விலையும் கையைக் கடிக்காது. 2005-இல் வந்த மேவரிக் மாடல்தான் ஸ்டீம்பங்க் (நீராவி இயந்திரக் காலத்துக் கற்பனைப் பாணி) உடை போடுபவர்களிடம் முதலில் பேர் வாங்கியது. அது கடைகளில் அருகிய பிறகு அந்த இடத்தை ஸ்ட்ராங்ஆர்ம் பிடித்துக்கொண்டது.

பெயிண்ட் அடித்த அன்றைக்கு எல்லாத் துப்பாக்கியும் அழகாகத்தான் இருக்கும். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் சில நிகழ்ச்சிகளும் தாண்டிய பிறகு அது எப்படி இருக்கிறது என்பதுதான் விஷயம். தட்டையான பக்கங்களில் பெயிண்ட் வருஷக்கணக்கில் அப்படியே நிற்கிறது. போவதெல்லாம் நாலு இடத்தில்தான்: விசை (டிரிகர்), ஸ்லைடில் விரல் பிடிக்கும் வரிகள், உருளையின் வெளி விளிம்பு, இடுப்பு உறையில் உரசும் குழலின் முன்பகுதி. வேலை செய்யும்போது நேரத்தில் பாதியை இந்த நாலு இடத்துக்கு ஒதுக்கினாலும் தகும்.

வெளி ஓடு ஏபிஎஸ் பிளாஸ்டிக். அதில் பிரைமர், அதாவது நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு, நன்றாகப் பிடிக்கும். உள்ளே உரசி நகரும் பாகங்கள் பலவும் அசிட்டால் போன்ற வழுக்கும் பிளாஸ்டிக்கில் வரும். தொட்டால் மெழுகு தடவியது போல இருக்கும், உப்புத்தாளில் தேய்த்தால் தூளாகாமல் நார் நாராக எழும். அதில் எந்த பிரைமரும் நிலைக்காது, நகத்தால் சுரண்டினாலே தோலாக வந்துவிடும். அப்படிப்பட்ட பாகம் வெளியே தெரிந்தால் பெயிண்ட் அடிக்காமல் அதன் நிறத்துக்கு ஏற்றபடி மற்றதை அமைத்துக்கொள்வதே நல்லது.

கழற்றும்போது திருகுகள் இருக்கும் பக்கம் மேலே பார்த்தபடி மேசையில் கிடத்த வேண்டும். மேல் பாதியை மெதுவாகத் தூக்கி, உள்ளே எதையும் தொடுவதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்டனின் பெரிய ஸ்பிரிங் எங்கும் போகாது. விசைக்கும், பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும் கொக்கிக்கும் உள்ள குட்டி ஸ்பிரிங்குகள்தான் தெறித்து ஓடும். திருகுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஓர் அட்டையில் துப்பாக்கியின் உருவத்தை வரைந்து, எந்தத் திருகு எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வைத்தால் மாறாது.

திரும்பப் பூட்டும்போது ஒரு நுணுக்கம் உண்டு. திருகைத் துளையில் வைத்து முதலில் இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும். பழைய மரையில் விழும்போது லேசாக ஒரு ‘டிக்’ கேட்கும், விரலுக்கும் தெரியும். அதன் பிறகு வலப்பக்கம் முறுக்கலாம். எடுத்த எடுப்பில் முறுக்கினால் பிளாஸ்டிக்கில் புது மரை வெட்டிக்கொண்டு போகும். இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்தால் துளை தளர்ந்து திருகு சும்மா சுற்றும். ஆண்டுக்கு ஒருமுறையாவது திறந்து மூட வேண்டிய பொருள் இது, ஆகவே இந்தப் பழக்கம் அவசியம்.

வெளி ஓட்டினை, பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி, காய்ந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். அசிட்டோனும் தின்னரும் பக்கத்திலேயே வரக்கூடாது, ஏபிஎஸ் கரைந்து மேற்பரப்பு கொழகொழத்துவிடும். புடைத்து நிற்கும் லோகோவையும் எச்சரிக்கை எழுத்துகளையும் 180-ஆம் நம்பர் உப்புத்தாளில் எடுத்து, 320-இல் சமன் செய்து, 600-இல் தண்ணீர் விட்டுத் தேய்க்கலாம். 180-இன் கீறல் அப்படியே இருந்தால் வெள்ளிப் பெயிண்டுக்கு அடியில் பளிச்சென்று தெரியும். பள்ளங்களுக்கு, டிங்கரிங் கடையில் பயன்படுத்தும் இரண்டு கூறு பட்டி போதும். பெரிய ஓட்டைக்கு எம்-சீல். இரு பாதிகள் சேரும் கோட்டில் மட்டும் பட்டி பார்க்காதீர்கள், பார்த்தால் பிறகு திறக்க முடியாது. மற்ற இடமெல்லாம் 400-இல் ஒருமுறை மங்கலாகத் தேய்த்தால் பிரைமருக்குப் பிடிமானம் கிடைக்கும்.

அடுத்தது மாஸ்கிங் டேப். பலரும் அவசரப்படுவது இங்கேதான். இந்த பொம்மையில் நகரும் பாகங்களுக்கிடையே உள்ள இடைவெளி மிகக் குறைவு. பிரைமர், நிறம், கிளியர் கோட் (மேலே அடிக்கும் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு) மூன்றும் சேர்ந்தால் ஒரு பக்கமே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை தடிக்கும். ஸ்லைடு ஓடும் தடம், உருளையின் அச்சு, விசையின் இரு பக்கம், ஓடுகள் பொருந்தும் விளிம்பு, திருகுத் தூண்கள் எல்லாவற்றையும் மூட வேண்டும். மூடாமல் அடித்தால் ஸ்லைடு முதலில் இறுகும், பிறகு உரசி உரசிப் பெயிண்ட் தூளாகி உள்ளே போய்ச் சிக்கும்.

ஸ்பிரே டப்பாவை 20 முதல் 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, மெல்லிய பூச்சாக மூன்று, இடையில் 10 முதல் 15 நிமிடம். முதல் பூச்சில் அடி நிறம் தெரியத்தான் செய்யும். அதை மறைக்க நினைத்து ஒரே இடத்தில் அடித்தால் வழியும். எனாமல் வகை ஸ்பிரேக்களில் மறு பூச்சு நேரத்தை டப்பாவிலேயே போட்டிருப்பார்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள், இல்லையென்றால் ஒன்றிரண்டு நாள் கழித்து. நடுவில் அடித்தால் கீழ்ப்பூச்சு ஊதிச் சுருங்கிவிடும். சென்னை மாதிரி ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் சீக்கிரம் காயும் லாக்கர் வகை ஸ்பிரே எடுக்கவே வேண்டாம். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் அதில் படிந்து கறுப்பு நிறம் வெளுத்துப் போகிறது.

உலோகத் தோற்றத்துக்குக் குரோம் ஸ்பிரே வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கிளியர் கோட் இல்லாவிட்டால் கையிலும் வெள்ளைச் சட்டையிலும் ஒட்டும், கிளியர் அடித்தால் பளபளப்பு போய்ச் சாம்பல் நிறமாகும். கறுப்பு அடிப்பூச்சின் மேல், தூரிகையில் வெள்ளி அக்ரிலிக் தொட்டு, பழைய துணியில் கிட்டத்தட்ட முழுக்கத் துடைத்துவிட்டு, விளிம்புகளில் மட்டும் உரசும் முறைதான் நாள்பட நிற்கிறது. பிறகு ஒரு பங்கு கரும்பழுப்பு அக்ரிலிக்குக்கு நாலு பங்கு தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு கலந்து பூசி, மேட்டுப் பகுதிகளை உடனே துடைத்தால் அழுக்கு இடுக்குகளில் மட்டும் தங்கும். இப்படிச் செய்ததில் இன்னொரு லாபம்: விளிம்பு தேய்ந்து கறுப்பு தெரிந்தாலும் அது உழைத்த இரும்பு போலவே இருக்கும். ஆனால் அதற்கும் கீழே போய் நீல பிளாஸ்டிக் தெரிந்தால் எல்லாம் கெட்டது. அதனால்தான் அந்த நாலு இடத்தில் கிளியர் கோட் ஒன்றுக்கு இரண்டு.

நாள்பட்ட பிறகு வரும் புகார்களில் முதலிடம் பிசுபிசுப்புக்கு. கைப்பிடி ஒட்டுகிறது, உறையிலிருந்து உருவினால் ரேகை விழுகிறது. காரணம் இரண்டு. ஒன்று, எனாமல் மேலே காய்ந்து உள்ளே காயாமல் இருப்பது. தொட்டால் ஒட்டவில்லை என்பது காய்ந்ததற்கு அடையாளம் ஆகாது. மூக்கருகே வைத்தால் பெயிண்ட் வாசனை வரும்வரை அது காயவில்லை. நல்ல வெயில் காலத்திலேயே ஒரு வாரம் விட வேண்டும். இரண்டாவது காரணம் ரெக்சின் உறை. ரெக்சினை வளைய வைக்கச் சேர்க்கும் எண்ணெய் மாதிரியான பொருள் மெதுவாகக் கசிந்து பெயிண்டை இளக்குகிறது. முழுதாகக் காய்ந்த பெயிண்டும் இதற்குத் தப்பாது. உறைக்குள் பருத்தித் துணியோ ஃபெல்ட்டோ ஒட்டலாம், அல்லது நிகழ்ச்சி முடிந்ததும் உருவித் தனியாக வைக்கலாம். பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டாமல் பழைய பனியன் துணியில் சுற்றி வைத்தால் போதும். வைக்கும்போது ஸ்லைடை இழுத்த நிலையில் விடாதீர்கள், ஸ்பிரிங் தளரும், கொக்கியும் தேயும்.

ஒட்டுவேலைப் பாகங்களில் ஹாட் குளூ நம் வெயிலுக்குத் தாங்கவில்லை. வெயிலில் நிறுத்திய காருக்குள் அது இளகி, அலங்காரமாக ஒட்டிய பித்தளைக் குழாயும் கடிகாரச் சக்கரமும் மெல்ல நழுவிவிடும். அரால்டைட் போட்டு ஒரு நாள் அசையாமல் விட்டதெல்லாம் அப்படியே இருக்கிறது. ஃபெவிக்விக் மாதிரிப் பசையை பெயிண்டுக்குப் பிறகு பயன்படுத்தினால், அதன் ஆவி கறுப்பு நிறத்தைச் சுற்றி வெள்ளையாகப் படியும். ஒட்ட வேண்டியதை பெயிண்டுக்கு முன்பே ஒட்டிவிடுங்கள், ஒட்டும் இடத்தைச் சுரண்டி வெறும் பிளாஸ்டிக்கோடு சேர்த்து ஒட்டுங்கள்.

குழலுக்குள் வெளிச்சம் வேண்டுமென்றால் சிவப்பு எல்இடிக்கு இரண்டு ஏஏஏ பேட்டரி, 100 ஓம் ரெசிஸ்டர். நீலத்துக்கு 3 வோல்ட் போதாது, மங்கலாகத்தான் எரியும். மூன்று ஏஏஏ போட்டு அதே 100 ஓம் வைக்கலாம். நிகழ்ச்சி முடிந்ததும் பேட்டரியைக் கழற்றுங்கள், கசிந்தால் தகடு பச்சை பிடிக்கும்.

குழல் முனையின் ஆரஞ்சு நிறத்தை மட்டும் விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நிஜத் துப்பாக்கி போலத் தோன்றும் பொம்மைகளுக்கு இந்த நிறத்தை அமெரிக்கா 1988-லேயே சட்டமாக்கியது. குழலுக்குள் அடைப்பாக வைத்தால் அது முனையிலிருந்து 6 மி.மீ.-க்கு மேல் உள்ளே போகக்கூடாது என்பதும் விதி. நம் ஊரில் கூட்டத்தில் யாராவது பதறினால் உடனே காட்ட வேறு அடையாளம் கிடையாது. போட்டோவுக்கு அந்த நிறம் உறுத்தினால் கறுப்புத் தாள் வளையம் ஒன்றைச் செருகி எடுத்துவிடலாம். தெருவிலும் ரயிலிலும் உறையில் வைத்துக் காட்டிக்கொண்டு போகாமல் பைக்குள் வைத்து எடுத்துப் போங்கள். விமானத்தில் கைப்பைக்குள் அனுமதி இல்லை. நிகழ்ச்சி வாசலில் சோதிப்பவர்களிடம் உருளையைத் திறந்து காலியாகக் காட்டினால் வேலை சீக்கிரம் முடியும், தோட்டாக்களை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.