இரவு இரைச்சல்: எந்த அலுவலகத்தின் படி ஏறுவது?

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரின் கரையோரத்தில் எங்கள் தெருவை ஒட்டியுள்ள ஐஸ் கம்பெனியில், அதிகாலை மூன்று மணிக்கு ஐஸ் பாரை உடைக்கும் எந்திரம் ஓடத் தொடங்கினால் அலமாரியில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி ஒலிக்கும். புகார் கொடுக்கலாம் என்று முடிவெடுத்தபோது காவல் நிலையம், உள்ளாட்சி அலுவலகம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கோட்டாட்சியர் என்று ஆளுக்கொரு வழி சொன்னார்கள். அந்த ஓசைக்கு அனுமதி கொடுத்தவர் யாரோ அவரிடமே முதலில் போவதுதான் சரியென்பது என் முடிவு.

கூம்பு ஒலிபெருக்கி என்றால் காவல் நிலையத்துக்கு இணையான வழி வேறில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பதால், கருவி வைத்து அளக்கும் வேலையே இல்லை. தொலைபேசியில் அழைத்தால் போதும். மறுநாள் மனு எழுதிக்கொண்டு போகும்போது பந்தலைப் பிரித்திருப்பார்கள். ஆனால் திருவிழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை அரசு தளர்வு அளிக்கலாம் என்பதால், அந்த நாள் அதில் அடங்குமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

எந்திரத்தின் கதை வேறு. காவலர் வந்தால் அன்றைக்கு நிறுத்துவார்கள், மறுநாள் மீண்டும் ஓடும். இங்கே பேரூராட்சிக்கோ ஊராட்சிக்கோ உள்ள பிடி, எந்திரம் நிறுவக் கொடுத்த உரிமம்தான். எத்தனை குதிரைத்திறனுக்கு உரிமம், புதுப்பித்திருக்கிறார்களா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஆனால் அலுவலகத்தாரும் கம்பெனிக்காரரும் ஒரே ஊர்க்காரர்கள் என்பதால் கோப்பு மெதுவாகத்தான் நகரும். போதாததற்கு, தெருவில் பாதி வீட்டுப் பிள்ளைகள் அந்த ஐஸை ஏற்றிக்கொண்டுதான் கடலுக்குப் போகிறார்கள். ஆகவே மூடச் சொல்லாமல், எந்திரத்தின் அடியில் ரப்பர் வைக்கவும் தெருப்பக்கம் சுவர் எழுப்பவும் நிபந்தனை விதிக்கக் கேட்பதே நியாயம். மனு கொடுக்கும் காலமும் முக்கியம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால் எந்திரத்தின் ஓட்டம் குறைந்துவிடும், ஆய்வுக்கு வருபவர் அமைதியான கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்.

வாரியத்தின் பலம் அளவீடு. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. அதைவிட 10 டெசிபல் கூடினால் விதிப்படி புகாருக்கு இடமுண்டு. இரவில் வந்து அளக்குமாறு மனுவிலேயே எழுதிவிட வேண்டும், இல்லையெனில் பகல் வரம்போடு ஒப்பிட்டு முடித்துவிடுவார்கள். கச்சான் காற்று வீசும் நாளில் காற்றின் இரைச்சலையும் கருவி சேர்த்துக்கொள்ளும் என்பது கடற்கரைக்காரர்களுக்கே உள்ள தொல்லை.

இவையெல்லாம் பலிக்காதபோதுதான் கோட்டாட்சியர். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின் கீழ், பொதுத் தொல்லையை அகற்றும்படி அவர் நிபந்தனை ஆணை பிறப்பிக்கலாம். முறையாகப் பிறப்பித்த ஆணையை உரிமையியல் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது. எதிர்த்தரப்புக்கு விளக்கம் சொல்ல வாய்ப்பு தரவேண்டியிருப்பதால் வாய்தாக்கள் உண்டு. மண்டபம், கீழக்கரைக்காரர்களுக்கு அந்த அலைச்சல் ராமநாதபுரத்தோடு முடியும். சாயல்குடிப் பக்கத்தார் பரமக்குடி வரை அலைய வேண்டும். தவிர, ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் உள்ள தொல்லை இதில் சேராது, அதற்கு உரிமையியல் வழக்குதான் வழி.

நான் உள்ளாட்சி அலுவலகத்தில்தான் தொடங்கினேன். எந்திரம் ஓடிய நேரத்தை அன்றன்றைக்குக் கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கம் குறித்து வைத்திருந்தேன். பதினேழு தாள்களை மனுவோடு இணைத்துக் கொடுத்தேன். அலுவலர் மனுவை முழுதாகப் படிக்கவில்லை, தாள்களைத்தான் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு உரிமக் கோப்பை எடுத்துவரச் சொன்னார்.